ஆட்டத்தை ஆக்குவோர்

நுழையும்முன்

விளையாடி மகிழ்ந்த தலைமுறை இன்று விளையாட்டுகளை ஆக்கவும் கற்றுவருகிறது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து கணினி விளையாட்டுகளை வடிவமைக்கின்றனர். அக்குழுவில் யார் எந்தப் பணியைச் செய்வது? அதை முடிவு செய்வது எவ்வாறு? சிறிய கேள்வியாகத் தோன்றினும், ஒரு மாணவரின் எதிர்காலத்தையே திசைமாற்ற வல்ல கேள்வி இது. இதுகுறித்த ஒரு கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

செண்பகத்தோப்பும் ஓர் ஆட்டமும்

திருவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே சென்றால், வயல்களையும் தென்னந்தோப்புகளையும் மாந்தோப்புகளையும் கடந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்திருக்கிறது செண்பகத்தோப்பு. திருவில்லிபுத்தூர், இராசபாளையம் மக்களுக்கு அது காட்டழகர் கோவிலுக்குச் செல்லும் வழி. ஓடைநீரில் கால் நனைத்து மகிழும் இடம். காட்டுயிர் ஆய்வாளர்களுக்கோ அது சாம்பல்நிற மலை அணிலின் உறைவிடம். இவ்வணிலைக் காப்பதற்காகவே 1988 ஆம் ஆண்டு இம்மலைப்பகுதியில் ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர் பரப்பு காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 ஆம் ஆண்டு அது மேகமலையோடு இணைக்கப்பட்டு, தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாயிற்று.

சாம்பல்நிற மலை அணில் தரைக்கு இறங்கி வருவது அரிது. ஒரு மரத்தின் கிளையும் அடுத்த மரத்தின் கிளையும் ஒன்றையொன்று தொடும் இடங்களே அதன் பாதைகள். கூட்டையும் அத்தகைய மரங்களிலேயே அது கட்டுகிறது. பருந்தோ வேறு பகையோ வந்தால் பக்கத்து மரத்திற்குத் தாவித் தப்ப வேண்டும் அல்லவா? இடையில் ஒரு மரம் வெட்டப்பட்டால் அதன் பாதை அறுந்துவிடுகிறது. மனிதர் கண்ணுக்கு அது ஒரு மரத்தின் இழப்பு. அணிலுக்கோ அது ஊர்ப்பாலம் இடிந்ததற்கு ஒப்பு.

கணினி விளையாட்டில் பழகிய மாணவர் ஒருவர் இச்செய்தியைப் படித்தால், 'இதுவே ஓர் ஆட்டமாயிற்றே!' என்று எண்ணாமல் இரார். கிளைவிட்டுக் கிளை தாவ வேண்டும். கனி தேட வேண்டும். பருந்திடமிருந்து தப்ப வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் ஒரு மரம் குறைந்துகொண்டே வரும். அம்மலையடிவாரத்து ஊரொன்றில் பதினொன்றாம் வகுப்பு பயிலும் மாணவர் ஐவர் இவ்விளையாட்டை உருவாக்க முனைகின்றனர் என்று கற்பனை செய்துகொள்வோம். பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் அறிமுகமான ஸ்கிராட்ச் மென்பொருளே அவர்களுக்குப் போதும். நல்ல கருத்து இருக்கிறது, கருவி இருக்கிறது, ஆர்வமும் இருக்கிறது. இனி என்ன? பணிகளைப் பங்கிட வேண்டும்.

ஐந்து நிமிடப் பங்கீடு

இத்தகைய பங்கீடு பெரும்பாலான குழுக்களில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டில் மடிக்கணினி வைத்திருப்பவர் நிரல் எழுதுவார். கருத்தை முதலில் சொன்னவர் குழுத்தலைவர் ஆவார். வகுப்பில் ஓவியப் பரிசு பெற்றவர் அணிலை வரைவார். கையெழுத்து அழகாக உள்ள மாணவி செயல்திட்டக் குறிப்பேட்டை எழுதுவார். எதுவும் பேசாமல் அமர்ந்திருக்கும் ஐந்தாமவரிடம், 'நீ எங்களுக்கு உதவியாக இரு' என்பர். எவரும் எவரையும் புண்படுத்தவில்லை. எல்லாம் இயல்பாகவே நடந்ததுபோல் தோன்றும்.

ஆயினும், இங்கு நடந்தது என்ன என்பதைச் சற்று நின்று நோக்குவோம். நிரல் எழுதத் தெரிந்தவர் மேலும் நிரல் எழுதக் கற்கிறார். தெரியாதவர் தெரியாதவராகவே நிற்கிறார். குறிப்பேடு எழுதும் மாணவி ஆறாம் வகுப்பிலிருந்து குறிப்பேடே எழுதிவருகிறார். அவர் தருக்கத் திறன் மிக்கவரா, கணிதத்தில் எத்தகைய நாட்டமுடையவர் என்று எவரும் கேட்டதில்லை. நாளடைவில் அவரே, 'எனக்கு இதுதான் வரும்' என்று நம்பத் தொடங்குகிறார். 'உதவியாக இரு' என்று சொல்லப்பட்டவருக்கோ அன்று முதல் அந்தச் செயல்திட்டம் பிறருடையது ஆகிவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் செய்த பங்கீடு ஐந்து பேரின் தன்னம்பிக்கையையும் பங்கிட்டுவிடுகிறது. சிலருக்குக் கூடுதலாகவும் சிலருக்குக் குறைவாகவும்.

எனவே என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். மாணவர் செயல்திட்டத்தில், 'யாருக்கு எது ஏற்கெனவே நன்றாக வரும்?' என்ற ஒரே கேள்வியைக் கொண்டு பணியைப் பங்கிடுதல் தவறு. 'இவ்விளையாட்டில் இன்னும் எது குறைகிறது? அதை ஏற்க முன்வருபவர் யார்? எதைக் கற்க ஒருவர் விரும்புகிறார்?' என்னும் கேள்விகளைக் கொண்டே பங்கிட வேண்டும். இது வெறும் நல்லெண்ணத்தால் சொல்லப்படுவதன்று. சிறந்த விளையாட்டுகள் பல இவ்வாறே உருவாயின என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

குறை கண்டவரே பொறுப்பேற்றார்

கணினி விளையாட்டுகளின் வரலாற்றில் முதன்மையான இடம் பெற்றவற்றுள் ஒன்று 'ஸ்பேஸ்வார்'. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற்கு 1961 ஆம் ஆண்டு பி.டி.பி.-1 என்னும் கணினி வந்துசேர்ந்தது. அக்கழகத்தின் மாதிரித் தொடர்வண்டி மன்றத்தைச் சேர்ந்த மாணவர்களும், அவர்களோடு பழகிய இளம் பணியாளர்களும் அக்கணினியால் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று காட்ட விரும்பினர். இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று எதிர்த்துப் போரிடும் ஆட்டம் ஒன்றை எண்ணினர். 1962 ஆம் ஆண்டில் அது வடிவம் பெற்றது.

ஆட்டத்தின் முதன்மை நிரலை எழுதியவர் ஸ்டீவ் ரசல். ஆனால், அவர் எளிதில் தொடங்கிவிடவில்லை. விண்கலத்தைத் திருப்புவதற்குத் தேவையான சைன், கொசைன் கணக்கீட்டு நிரல் தம்மிடம் இல்லை என்று சொல்லிக் காலம் தாழ்த்தினார். ஆலன் கோட்டக் என்னும் மாணவர் கணினியைச் செய்த நிறுவனத்திற்கே நேரில் சென்று, அந்நிரல் பதிந்த துளைநாடாவைப் பெற்றுவந்து அவர்முன் வைத்தார். இனிச் சாக்குச் சொல்ல வழியில்லை, பணி தொடங்கியது. கோட்டக் அன்று செய்த பணிக்கு என்ன பெயர் சூட்டுவது? நிரலாளர் பணியன்று, ஓவியர் பணியன்று. தடையைக் கண்டறிந்து நீக்கியவர் அவர். அவர் செல்லாதிருந்தால் ஆட்டம் பேச்சோடு நின்றிருக்கலாம்.

ஆட்டம் இயங்கத் தொடங்கிய பின்னும் குறைகள் தென்பட்டன. திரையின் பின்புலத்தில் விண்மீன்கள் மனம்போன போக்கில் சிதறிக் கிடந்தன. பீட்டர் சாம்சன் என்பவருக்கு அது பிடிக்கவில்லை. உண்மையான வானத்தின் விண்மீன் வரைபடத்தைக் கொண்டு தனியே ஒரு நிரல் எழுதி, உண்மை வானத்தையே திரைக்குக் கொண்டுவந்தார். வெற்றுவெளியில் கலங்கள் மிதப்பது சலிப்பூட்டுவதாக டான் எட்வர்ட்சு கருதினார். நடுவில் ஒரு விண்மீனை வைத்து, அதன் ஈர்ப்பு விசை இரு கலங்களையும் இழுக்குமாறு செய்தார். அதன்பின் ஆட்டத்திற்கு உத்தி வந்தது. ஈர்ப்பைப் பயன்படுத்தத் தெரிந்தவர் வென்றார். கணினியின் பொத்தான்களை நெடுநேரம் அழுத்தியதால் ஆடுவோரின் முழங்கை வலித்தது. கோட்டக்கும் பாப் சாண்டர்சும் கையில் ஏந்தி இயக்கும் தனிப்பெட்டிகளைச் செய்துதந்தனர்.

மாணவர்கள் மனங்கொள்ள வேண்டிய செய்தி இதில் உள்ளது. சாம்சனிடம், 'நீர் பின்புல வடிவமைப்பாளர்' என்று எவரும் பணியளிக்கவில்லை. எட்வர்ட்சை எவரும் இயற்பியல் வல்லுநராக அமர்த்தவில்லை. ஒவ்வொருவரும் ஆடிப் பார்த்தனர். ஒரு குறையைக் கண்டனர். குறை சொல்லிவிட்டு விலகிப் போகாமல் அதைத் தீர்க்கும் பொறுப்பையும் ஏற்றனர். அப்பொறுப்பே அவர்களுடைய பங்காக வரலாற்றில் நின்றது.

இயலாமையை அறிவித்தல்

ஆர்வம் மிக்க குழுக்கள் பல முடிவை எட்டாமல் நின்றுபோகின்றன. ஆசைக்கு அளவில்லாததே அதற்குக் காரணம். செண்பகத்தோப்பு ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அணில் போதாது, யானையும் வேண்டும் என்பார் ஒருவர். மழை வேண்டும், ஓடை பெருக வேண்டும் என்பார் மற்றொருவர். ஐம்பது நிலைகள் வேண்டும் என்பார் இன்னொருவர். இருப்பதோ ஆறு வாரம். அதிலும் இடைத்தேர்வு வரும்.

இத்தருணத்தில், 'இது நம்மால் இப்போது இயலாது' என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவர் உற்சாகத்தைக் கெடுப்பவராகக் கருதப்படுவார். உண்மையில் அவரே ஆட்டத்தைக் காப்பவர். அமெரிக்காவில் டிஜிபென் என்னும் கல்லூரி மாணவர் குழு ஒன்று 2005 ஆம் ஆண்டு 'நார்பாக்குலர் டிராப்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதன் நாயகி ஓர் இளவரசி. அவளால் குதிக்க முடியாது. 'முழங்கால் இல்லாதவள்' என்பதே அவளுடைய பெயராகவும் அமைந்தது. சுவர்களில் இரண்டு வாயில்களைத் திறந்து, ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளிவருவதே அவளுக்குரிய ஒரே வழி. ஓடுதல், குதித்தல், சண்டையிடுதல் என்று எல்லாவற்றையும் சேர்க்க முயன்றிருந்தால் அம்மாணவர்கள் எதையும் முடித்திருக்க மாட்டார்கள். ஒன்றைக் குறைத்ததனால் மற்றொன்று ஒளிபெற்றது. அதைக் கண்ட வால்வ் நிறுவனம் அக்குழுவினரைப் பணியில் சேர்த்துக்கொண்டது. அதே கருத்தை விரிவாக்கி 2007 ஆம் ஆண்டு அவர்கள் பங்களிப்போடு வெளிவந்த 'போர்ட்டல்', உலகப் புகழ் பெற்றது.

நம் குழுவிலும் காலத்தையும் அளவையும் காப்பவர் ஒருவர் வேண்டும். இந்த வாரம் முடிந்தது எது, முடியாதது எது, விடவேண்டியது எது என்று அவர் குறித்துவர வேண்டும். கையெழுத்து அழகாக உள்ளது என்பதற்காகக் குறிப்பேட்டை ஒருவரிடம் தள்ளிவிடுகிறோமே, அக்குறிப்பேட்டையே முடிவெடுக்கும் கருவியாக ஆக்கினால் அப்பணியின் மதிப்பு முற்றிலும் மாறிவிடும். எழுதுபவர் எழுத்தராக மட்டும் இராமல், குழுவின் நெறியாளராக உயர்வார்.

இடத்தை அறிந்தவர்

கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள சிறிய குழுவொன்று 2023 ஆம் ஆண்டு 'வெண்பா' என்னும் விளையாட்டை வெளியிட்டது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை அது. தாய் கொண்டுவந்த சமையற்குறிப்பு ஏடு சிதைந்திருக்கிறது, எழுத்துகள் அழிந்திருக்கின்றன. விடுபட்டவற்றை ஊகித்து இட்டலியையும் புட்டையும் பிறவற்றையும் சமைப்பதே ஆடுவோரின் பணி. 2024 இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகத்தின் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை அது பெற்றது.

அவ்வாட்டத்திற்கு உயிர் தந்தது எது? நிரல் மட்டுமன்று. இட்டலிச் சட்டியில் தட்டுகளை எவ்வாறு அடுக்க வேண்டும் என்ற அறிவு. தாயும் மகனும் எந்த மொழியில் பேசிக்கொள்வர், எங்கே மௌனமாவர் என்ற அறிவு. நம் வீட்டு அடுப்படியில் நாள்தோறும் நிகழ்வதை நாம் அறிவு என்று எண்ணுவதில்லை. எண்ணியவர்கள் அதை உலகறியச் செய்தனர்.

செண்பகத்தோப்பு ஆட்டத்திற்கும் இத்தகைய அறிவு வேண்டும். மலை அணில் புளியங்காய் தின்னுமா? எந்த மரங்களில் கூடு கட்டும்? அதன் குரல் எப்படி இருக்கும்? மாந்தோப்புக் காவல்காரருக்கு இவை தெரியும். அடிவாரத்தில் வாழும் பளியர் இன முதியோர்களுக்கு இன்னும் மிகுதியாகத் தெரியும். காட்டின் ஒவ்வொரு பருவமும் அவர்களுக்குப் பழக்கமானது. வனத்துறை அலுவலர்களிடம் கேட்கலாம். அவர்களுடைய அனுமதியோடு உரிய இடம்வரை சென்று பார்க்கலாம். இவற்றைத் திரட்டுபவரே குழுவின் களச்செய்தியாளர். அவர் இல்லாவிட்டால் இணையத்தில் கிடைக்கும் எங்கோ ஒரு நாட்டு அணிலின் படத்தை ஒட்டி, அதற்குச் செண்பகத்தோப்பு என்று பெயரிடுவோம். பெயர் மட்டுமே நம்முடையதாக இருக்கும்.

மேற்சொன்ன கற்பனைக் குழுவில், 'உதவியாக இரு' என்று ஒதுக்கப்பட்ட ஐந்தாமவரை நினைத்துப் பாருங்கள். அவர் தந்தை தோப்புக் குத்தகை எடுத்தவராக இருக்கலாம். விடியற்காலையில் தோப்புக்குச் சென்று அணில் உதிர்த்த காய்களைப் பொறுக்கிய அனுபவம் அவருக்கு இருக்கலாம். மற்ற நால்வருக்கும் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும். அதைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை என்பதே குறை.

ஆடிப் பார்ப்பவர்

நம் முன்னோர் ஆடிய ஆடுபுலி ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாவி ஆட்டை வெட்டலாம். ஆடுகளால் தாவ இயலாது, சூழ்ந்து நின்று புலியை அடைக்க மட்டுமே இயலும். வலிமையில் இவ்வளவு வேறுபாடு இருந்தும் ஆட்டம் ஒருபக்கமாகச் சாய்வதில்லை. திறமையான ஆட்டுக்காரர் வெல்கிறார். கவனக்குறைவான புலிக்காரர் தோற்கிறார். புலி நான்காக இருந்திருந்தால்? ஆடு பத்தாகக் குறைந்திருந்தால்? ஆடிச் சலித்தவர்கள் மாற்றிப் பார்த்திருப்பர். சுவை கெட்டதும் விட்டிருப்பர். அவ்வாட்டத்தை வகுத்தவர் பெயர் நமக்குத் தெரியாது. திண்ணையிலும் கோவில் மண்டபத்திலும் ஆடிப் பார்த்த எண்ணற்றோர் அதைச் செப்பம் செய்தனர் என்று கொள்வதே பொருத்தம்.

மாணவர் குழுக்களில் மிகவும் புறக்கணிக்கப்படும் பணி இதுவே. 'விளையாடிப் பார்ப்பது ஒரு வேலையா?' என்று நகைப்பர். முன்பு சொன்ன போர்ட்டல் விளையாட்டில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஒரு நிலையில் ஆடுபவர் ஒரு பெட்டியை இறுதிவரை சுமந்து செல்ல வேண்டும். அப்போதுதான் வழி திறக்கும். சோதனைக்காக ஆடியவர்களோ அதை வழியிலேயே விட்டுவிட்டுச் சென்றனர். பின்பு வழி தெரியாமல் நின்றனர். 'அவர்களுக்கு ஆடத் தெரியவில்லை' என்று ஆக்கியோர் சொல்லவில்லை. பெட்டியின்மேல் ஓர் இதயத்தை வரைந்து, அதை ஆடுபவரின் தோழனாக அறிமுகப்படுத்தினர். அதன்பின் எவரும் அதைக் கைவிட விரும்பவில்லை. அந்தப் பெட்டியே அவ்விளையாட்டில் பலராலும் நினைவுகூரப்படும் பாத்திரமாயிற்று. ஆடிப் பார்த்தவர்களின் தடுமாற்றம் ஒரு படைப்பாயிற்று.

எனவே சோதனையாளர் என்பவர் பிழை கண்டு சொல்பவர் மட்டுமல்லர். ஆட்டத்தை ஒருபோதும் பார்த்திராத ஒருவரின் கையில் அதைக் கொடுத்து, அருகில் அமர்ந்து, வாய் திறவாமல் பார்ப்பவர். தங்கை எந்த இடத்தில் சலித்தாள்? தாத்தாவுக்கு எந்த எழுத்து தெரியவில்லை? எங்கே சிரித்தனர்? எங்கே கணினியை மூடிவிட்டு எழுந்தனர்? இவற்றைக் குறித்துக்கொள்ளப் பொறுமை வேண்டும். தாம் எழுதிய நிரலைப் பிறர் தவறாகப் பயன்படுத்தும்போது இடைமறித்து விளக்காமல் இருப்பது நிரலாளருக்கு மிகக் கடினம். ஆகவேதான் அப்பணிக்குத் தனியே ஒருவர் வேண்டும்.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

'வல்லவரிடம் பணியை ஒப்படைப்பதுதானே முறை? தெரியாதவரிடம் நிரலைக் கொடுத்தால் ஆட்டம் கெட்டுவிடுமே! போட்டிக்குச் செல்லும் குழு தோற்றுவிடாதா?' என்று கேட்கலாம். இது புறந்தள்ளத்தக்க கேள்வியன்று. 2021 ஆம் ஆண்டு ஒன்றியக் கல்வி அமைச்சகம் பிற அமைச்சகங்களோடு சேர்ந்து பொம்மைகளுக்கும் விளையாட்டுகளுக்குமாக 'டாய்க்கத்தான்' என்ற போட்டியை நடத்தியது. உலகெங்கும் 2009 முதல் நடைபெறும் 'குளோபல் கேம் ஜாம்', 48 மணி நேரத்தில் ஒரு விளையாட்டை ஆக்கும் முயற்சியாகத் தொடங்கியது. காலம் சுருங்கும்போது தெரிந்தவரே செய்ய வேண்டியிருக்கும். அதில் தவறில்லை.

ஆனால், பள்ளிச் செயல்திட்டத்தின் நோக்கம் வேறு. ஒரு நிறுவனம் விளையாட்டை ஆக்குவதற்காக ஆள்களைச் சேர்க்கிறது. பள்ளியோ மாணவர்களை ஆளாக்குவதற்காக விளையாட்டைப் பயன்படுத்துகிறது. அணில் சற்றுத் தடுமாறித் தாவினாலும் பரவாயில்லை. அதைத் தாவச் செய்யும் கட்டளையை முதன்முறையாக எழுதிய மாணவி அன்று அடையும் துணிவு, குறையற்ற ஓர் ஆட்டத்தைவிட மதிப்புடையது. நீச்சல் தெரிந்தவரையே மீண்டும் மீண்டும் நீரில் இறக்கினால், கரையில் நிற்பவர் என்று கற்பது?

இங்கு இன்னொன்றையும் கூற வேண்டும். பங்கை மாற்றுவதால் வல்லவருக்கும் இழப்பில்லை. நிரல் எழுதுபவர் ஒரு வாரம் களச்செய்தி திரட்டச் சென்றால், தாம் எழுதும் கட்டளை எதைக் குறிக்கிறது என்பதை உணர்வார். ஓவியர் ஒரு நாள் சோதனையாளராக அமர்ந்தால், தாம் வரைந்த கிளை பின்புலத்தோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போவதை அறிவார். பிறர் பணியின் கடினத்தை அறிந்தவரே தம் பணியைப் பிறருக்கு எளிதாகும்படி செய்வார்.

செய்யத்தக்கன

இவ்வாண்டு உங்கள் வகுப்பில் இத்தகைய செயல்திட்டம் வருமாயின் மூன்று நடைமுறைகளைப் பின்பற்றலாம் என்பது என் பரிந்துரை.

முதலாவது, பங்கு பிரிக்கும் முன் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு தாளில் இரண்டு வரி எழுத வேண்டும். 'எனக்குத் தெரிந்தது இது. நான் கற்க விரும்புவது இது.' பேசத் தயங்குபவரும் எழுதத் தயங்கமாட்டார். தெரிந்ததில் ஒரு பணியும், கற்க விரும்புவதில் ஒரு பணியும் ஒவ்வொருவருக்கும் அமையுமாறு பிரிக்கலாம். தெரிந்தவர் தெரியாதவருக்கு அருகிலிருந்து கற்பிக்கலாம். ஆனால், விசைப்பலகை கற்பவர் கையிலேயே இருக்க வேண்டும். 'நகரு, நான் செய்துவிடுகிறேன்' என்பது உதவியன்று, பறித்தல்.

இரண்டாவது, பாதிக் காலம் கழிந்ததும் அனைவரும் கூடி ஆட்டத்தை ஆடிப் பார்த்து, குறைகளைக் கரும்பலகையில் எழுத வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் எதிரே, அதை ஏற்பவர் தம் பெயரைத் தாமே எழுத வேண்டும். அங்கே பழைய பங்கீடு செல்லாது. ஓவியர் ஒலிக்குறையை ஏற்கலாம்; குறிப்பேடு எழுதுபவர் நிரற்பிழையை ஏற்கலாம்.

மூன்றாவது, ஆட்டத்தின் இறுதித் திரையில் ஒவ்வொருவர் பெயரும் அவர் செய்த பணியோடு இடம்பெற வேண்டும். 'குழு உறுப்பினர்கள்' என்று ஐந்து பெயர்களை அடுக்கினால் போதாது. 'மலை அணிலின் கூடு குறித்த செய்திகளைத் திரட்டியவர்', 'பன்னிரண்டு பேரை ஆடச் செய்து குறிப்பெடுத்தவர்', 'மூன்றாம் நிலையை நீக்க வேண்டும் என்று சொன்னவர்' என்று செய்ததைச் செய்தவாறே எழுதுங்கள். மதிப்பெண் வழங்கும் ஆசிரியருக்கும் அது தெளிவைத் தரும். எதுவும் செய்யாதவர் தம் பெயருக்கு நேரே எழுத ஒன்றுமின்றி நாணுவார். எல்லாவற்றையும் தாமே செய்தவர், தாம் எத்தனை பேரின் வாய்ப்பை எடுத்துக்கொண்டோம் என்பதைக் கண்கூடாகக் காண்பார்.

மீண்டும் செண்பகத்தோப்புக்கு

அந்த ஐவரும் இவ்வாறு செய்தனர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வாரங்களுக்குப் பிறகு அவர்களுடைய ஆட்டம் வகுப்பறைத் திரையில் ஓடுகிறது. யானை இல்லை, மழை இல்லை, ஐம்பது நிலைகள் இல்லை, ஐந்தே நிலைகள். முதல் நிலையில் கிளைகள் நெருங்கியிருக்கின்றன. அணில் எளிதாகத் தாவுகிறது. நான்காம் நிலையில் நடுவே ஒரு மரம் இல்லை. அணில் கிளை நுனிவரை வந்து நிற்கிறது. ஆடும் மாணவர் பொத்தானை அழுத்துகிறார்; எட்டவில்லை. மீண்டும் அழுத்துகிறார், எட்டவில்லை. வகுப்பு அமைதியாகிறது.

அந்த இடத்தில் தாவ முடியாதபடி அமைக்க வேண்டும் என்று சொன்னவர், தோப்பில் அணிலைப் பார்த்து வளர்ந்த ஐந்தாமவர். அதற்கான கட்டளையை எழுதியவர், இதுநாள்வரை குறிப்பேடு மட்டுமே எழுதிவந்த மாணவி. அவ்விடத்தில் பின்னணி இசையை நிறுத்திவிடலாம் என்று தோன்றியது நிரலாளருக்கு. ஒரு நாள் சோதனையாளராக அமர்ந்தபோது அவர் அதைக் கண்டறிந்தார்.

இறுதித் திரையில் ஐந்து பெயர்கள் வருகின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எழுத ஒன்று இருக்கிறது.